ஃபேனுயில் மண்டபம்

ஃபேனுயில் மண்டபம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் அமைந்துள்ள, வரலாற்றுச் சிறப்பு மிக்க பொது மண்டபமும் சந்தைக் கட்டிடமும் ஆகும். பீட்டர் ஃபேனுயில் என்ற வணிகர் தமது செலவில் கட்டி நகருக்கு அன்பளிப்பாக வழங்கிய இக்கட்டிடம் 1742 ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. கீழ்த்தளத்தில் சந்தையும், மேல்தளத்தில் நகர மக்கள் கூடிப் பேசுவதற்கான மண்டபமும் இருக்குமாறு இது அமைக்கப்பட்டது. அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் பிரித்தானிய ஆட்சியின் வரிக் கொள்கைகளுக்கு எதிரான கூட்டங்கள் பல இங்கு நடைபெற்றமையால் இம்மண்டபம் "விடுதலையின் தொட்டில்" என அழைக்கப்படுகின்றது. எனினும் இதனைக் கட்டுவித்தவரின் செல்வத்தில் ஒரு பகுதி அடிமை வணிகத்தின் மூலம் வந்ததாகும். இம்முரண்பாடு 21 ஆம் நூற்றாண்டில் மண்டபத்தின் பெயரை மாற்றக் கோரும் இயக்கத்திற்குக் காரணமாயிற்று.

இம்மண்டபமும், இதன் கிழக்கே உள்ள குவின்சி சந்தை, வடக்குச் சந்தை, தெற்குச் சந்தை ஆகிய கட்டிடங்களும் சேர்ந்து ஃபேனுயில் மண்டபச் சந்தைத் தொகுதி என வழங்கப்படுகின்றன.

பெயர்

பீட்டர் ஃபேனுயில் (1700–1743) பிரெஞ்சு சீர்திருத்தக் கிறித்தவர்களான யூகெனாட்டுகளின் வழிவந்தவர். இவரது குடும்பத்தினர் பிரான்சின் லா ரோஷெல் நகரைச் சேர்ந்தவர்கள். சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்தனர். பீட்டர் நியூயார்க் குடியேற்றத்தின் நியூ ரோஷெல் என்ற ஊரில் பிறந்தார். பின்னர் பாஸ்டனில் பெருவணிகராக விளங்கிய தமது சிற்றப்பா ஆண்ட்ரூ ஃபேனுயிலிடம் வளர்ந்து, 1738 ஆம் ஆண்டு அவரது சொத்துக்கு உரியவரானார்.

பிரெஞ்சுப் பெயரான இது ஆங்கிலம் பேசும் பாஸ்டன் மக்களின் நாவில் பலவாறு ஒலிக்கப்பட்டு வந்துள்ளது. கிரானரி இடுகாட்டில் உள்ள இவரது கல்லறையில் பெயர் "பி. ஃபனல்" என்றே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று பெரும்பாலோர் "ஃபேன்யல்" என்று ஒலிக்கின்றனர்.

பின்னணி

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் நிலையான சந்தை வேண்டுமா என்பது கடும் சர்ச்சைக்குரிய வினாவாக இருந்தது. உழவர்களும் சிறு விற்பனையாளர்களும் வீடு வீடாகச் சென்று பொருள் விற்கும் வழக்கமே பலருக்கு வசதியாக இருந்தது. ஒரே இடத்தில், குறித்த நேரத்தில் மட்டும் விற்பனை நடந்தால் விலை உயரும் என்றும், பெருவணிகர்களின் கை ஓங்கும் என்றும் அவர்கள் கருதினர். ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தையே நகருக்கு ஏற்றது என்பது வணிகர்களின் வாதம்.

1734 ஆம் ஆண்டு நகரில் மூன்று சந்தைகள் திறக்கப்பட்டன. அவை நீடிக்கவில்லை. 1737 ஆம் ஆண்டு மதகுருமாரைப் போல் உடையணிந்த கும்பல் ஒன்று இரவில் திரண்டு, துறைமுகச் சதுக்கத்தில் இருந்த சந்தைக் கட்டிடத்தை இடித்துத் தள்ளியது.

இந்நிலையில் 1740 ஆம் ஆண்டு, நகரம் ஏற்றுக்கொள்ளுமானால் தமது சொந்தச் செலவில் சந்தைக் கட்டிடம் ஒன்றைக் கட்டித் தருவதாக பீட்டர் ஃபேனுயில் முன்வந்தார். பணம் எதுவும் கேட்காத இந்த அன்பளிப்பும் எளிதில் ஏற்கப்படவில்லை. நகரக் கூட்டத்தில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 367 வாக்குகளும் எதிராக 360 வாக்குகளும் பதிவாயின. ஏழு வாக்கு வேறுபாட்டிலேயே அன்பளிப்பு ஏற்கப்பட்டது. விற்பனையாளர்கள் விரும்பினால் முன்போலத் தெருக்களிலும் பொருள் விற்கலாம் என்ற விதியும் உடன் சேர்க்கப்பட்டது. சந்தைக்கு மேலே நகரக் கூட்டங்களுக்கான மண்டபம் ஒன்றும் கட்டத் தீர்மானிக்கப்பட்டது. பிற்காலத்தில் கட்டிடத்திற்குப் புகழ் தேடித் தந்தது இந்த மேல்தளமே.

முதற் கட்டிடம்

கட்டிடத்தை வடிவமைத்தவர் இசுக்காட்லாந்தில் பிறந்த ஓவியரான ஜான் சுமைபெர்ட். கீழ்த்தளம் சுவரின்றி வளைவுகளுடன் திறந்திருக்க, அதன்மேல் மண்டபம் அமையும் ஆங்கிலேயச் சந்தைக் கட்டிட முறையை இவர் பின்பற்றினார். செங்கல்லால் ஆன இக்கட்டிடம் ஏறத்தாழ 100 அடி நீளமும் 40 அடி அகலமும் கொண்டிருந்தது. 1742 ஆம் ஆண்டு பணி முடிந்தது.

சில மாதங்களிலேயே, மார்ச் 3, 1743 அன்று பீட்டர் ஃபேனுயில் காலமானார். அதே மாதம் மண்டபத்தில் கூடிய நகரக் கூட்டத்தில் அவருக்கு இரங்கலுரை ஆற்றப்பட்டது. பாஸ்டன் இலத்தீன் பள்ளியின் தலைமையாசிரியர் ஜான் லவல் அவ்வுரையை நிகழ்த்தினார்.

ஜனவரி 1761 இல் ஏற்பட்ட தீ விபத்தில் கட்டிடத்தின் உட்பகுதி முழுவதும் எரிந்து சுவர்கள் மட்டுமே எஞ்சின. மறுகட்டுமானத்திற்கான நிதியின் ஒரு பகுதி பரிசுச்சீட்டு விற்பனை மூலம் திரட்டப்பட்டது. பிற்காலத்தில் விடுதலைச் சாற்றுரையில் முதலாவதாகக் கையொப்பமிட்ட ஜான் ஹான்காக்கின் கையெழுத்துடன் கூடிய பரிசுச்சீட்டுகள் சில இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1763 ஆம் ஆண்டு மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டபோது வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் உரையாற்றினார்.

அமெரிக்கப் புரட்சிக் காலம்

நகரக் கூட்டம் என்பது நியூ இங்கிலாந்து பகுதியின் ஊராட்சி முறையாகும். வாக்குரிமை பெற்ற நகரவாசிகள் நேரில் கூடி, வரி, சாலை, பள்ளி முதலானவை பற்றி முடிவெடுப்பர். வாக்குரிமை குறிப்பிட்ட அளவு சொத்துடைய ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. ஆயினும் ஆட்சியாளரை வெளிப்படையாகக் குறை கூறுவதற்கான சட்ட முறையான இடமாக இக்கூட்டங்கள் விளங்கின. 1764 ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம், 1765 ஆம் ஆண்டின் முத்திரைத்தாள் சட்டம் ஆகியவற்றை எதிர்த்து இங்கு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. சாமுவேல் ஆடம்ஸ் இக்கூட்டங்களின் முதன்மையான தலைவர்களுள் ஒருவராவார்.

* 1768: பாஸ்டனுக்கு அனுப்பப்பட்ட பிரித்தானியப் படையினரில் ஒரு பகுதியினர் மண்டபத்தில் தங்க வைக்கப்பட்டனர். ஆட்சியை எதிர்த்துப் பேசிய இடத்திலேயே படையினர் தங்கியது மக்களின் சினத்தைக் கிளறியது.
* 1770: மார்ச் 5 அன்று நடந்த பாஸ்டன் படுகொலையில் உயிரிழந்தவர்களுள் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ், ஜேம்ஸ் கால்டுவெல் ஆகிய இருவரும் அந்நகரில் வீடு இல்லாதவர்கள். ஆதலால் அவர்களது உடல்கள் இம்மண்டபத்தில் வைக்கப்பட்டு, இங்கிருந்தே இறுதி ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்டன. ஆட்டக்ஸ் ஆப்பிரிக்க, அமெரிக்க முதற்குடி வழிவந்தவர் எனக் கருதப்படுகிறார்.
* 1772: சாமுவேல் ஆடம்சின் முயற்சியால் பாஸ்டன் கடிதத் தொடர்புக் குழு இங்கு நடந்த நகரக் கூட்டத்தில் அமைக்கப்பட்டது. பிற ஊர்களும் இதனைப் பின்பற்றின. சிதறிக் கிடந்த எதிர்ப்புகள் ஒருங்கிணைய இக்குழுக்கள் வழிவகுத்தன.
* 1773: கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை இறக்குமதியை எதிர்த்து நவம்பரில் கூட்டங்கள் நடந்தன. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வணிகம் நடத்திய கம்பெனியே இது. எனினும் பாஸ்டனுக்கு வந்த தேயிலை சீனாவில் விளைந்ததாகும். நவம்பர் 29 அன்று கூடிய கூட்டத்தை மண்டபம் கொள்ளவில்லை. எனவே கூட்டம் ஓல்ட் சவுத் வழிபாட்டு இல்லத்திற்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 16 அன்று அங்கிருந்து புறப்பட்டவர்களே 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். இந்நிகழ்வு பாஸ்டன் தேநீர் விருந்து எனப் பெயர் பெற்றது.

1775–76 ஆம் ஆண்டுகளில் புரட்சிப் படைகள் பாஸ்டனை முற்றுகையிட்டபோது நகருக்குள் இருந்த பிரித்தானிய அதிகாரிகள் மண்டபத்தை நாடக அரங்காக்கினர். ஜனவரி 8, 1776 அன்று, முற்றுகையிட்டோரைக் கேலி செய்து தளபதி ஜான் பர்கோய்ன் எழுதிய நாடகம் மேடையேற இருந்தது. அவ்வேளையில் படைவீரர் ஒருவர் மேடையேறி, எதிரிகள் சார்லஸ்டவுனைத் தாக்குவதாக அறிவித்தார். அவையோர் அதனையும் நாடகத்தின் ஒரு பகுதியென எண்ணிக் கைதட்டினர். செய்தி உண்மையென உணர்ந்த பின்னரே அதிகாரிகள் தத்தம் இடங்களுக்கு விரைந்தனர்.

புல்ஃபிஞ்சின் விரிவாக்கம்

விடுதலைக்குப் பின் பாஸ்டனின் மக்கள் தொகை பெருகியதால் மண்டபத்தில் இடம் போதவில்லை. 1805–06 ஆம் ஆண்டுகளில் கட்டிடக் கலைஞர் சார்லஸ் புல்ஃபிஞ்ச் இதனை விரிவாக்கினார். அகலம் 40 அடியிலிருந்து 80 அடியாக இரட்டிப்பாக்கப்பட்டது. மூன்றாம் தளம் ஒன்று எழுப்பப்பட்டது. திறந்த வளைவுகள் அடைக்கப்பட்டன. கூரையின் மீதிருந்த சிறு கோபுரம் கிழக்கு முனைக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டிடத்தின் வளைவுகளையும் அரைத்தூண்களையும் புதிய பகுதியிலும் அப்படியே தொடர்ந்தமையால் பழையது எது, புதியது எது என்று எளிதில் பிரித்தறிய இயலாதவாறு கட்டிடம் அமைந்தது. கீழிரு தளங்களில் டோரிக் பாணி அரைத்தூண்களும் மூன்றாம் தளத்தில் அயோனிக் பாணி அரைத்தூண்களும் உள்ளன. 1898–99 இல் தீப்பற்றாத பொருள்களைக் கொண்டு கட்டிடம் பெருமளவு புதுப்பிக்கப்பட்டது.

1822 ஆம் ஆண்டு பாஸ்டன் மாநகராக மாறியதும் நகரக் கூட்ட முறை முடிவுக்கு வந்தது. எனினும் மண்டபத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற விதி மாநகரப் பட்டயத்தில் இடம்பெற்றது. இதனால் பொதுக் கூட்டங்களுக்கான இடமாக இது தொடர்ந்து நிலைத்தது.

வெட்டுக்கிளி

கோபுரத்தின் உச்சியில் உள்ள காற்றுத்திசைகாட்டி வெட்டுக்கிளி வடிவில் அமைந்தது. பொன்முலாம் பூசிய செம்பினால் 1742 ஆம் ஆண்டு ஷெம் டிரவுன் என்ற கைவினைஞர் இதனைச் செய்தார். கண்கள் கண்ணாடியால் ஆனவை. இலண்டன் அரச வணிக மன்றத்தின் மீதுள்ள வெட்டுக்கிளி இதற்கு முன்மாதிரி எனக் கூறப்படுகிறது. 1755 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கீழே விழுந்தது. 1761 ஆம் ஆண்டு தீயிலும் தப்பியது. 1974 ஆம் ஆண்டு திடீரெனக் காணாமல் போன இது, சில நாட்களுக்குப் பின் அதே கோபுரத்தினுள் பழைய கொடிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது.

போர்க்காலங்களில் தம்மைப் பாஸ்டன்வாசி என்று கூறிக்கொண்டு வரும் ஒற்றர்களிடம் "ஃபேனுயில் மண்டபத்தின் உச்சியில் இருப்பது யாது?" என வினவி உண்மையறிந்தனர் என்பது அந்நகரில் வழங்கும் செவிவழிக் கதையாகும்.

அடிமை ஒழிப்பு இயக்கமும் பெண்கள் வாக்குரிமையும்

19 ஆம் நூற்றாண்டில் நாட்டின் பெரும் வினாக்கள் பல இம்மண்டபத்தில் விவாதிக்கப்பட்டன. முன்னாள் குடியரசுத் தலைவர்களான ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் ஒரே நாளில், ஜூலை 4, 1826 அன்று மறைந்தனர். அவர்களுக்கு டேனியல் வெப்ஸ்டர் ஆகஸ்ட் 2 அன்று இங்கு ஆற்றிய இரங்கலுரை புகழ்பெற்றது.

அடிமை முறைக்கு எதிராக எழுதி வந்த இதழாசிரியர் எலைஜா லவ்ஜாய் 1837 ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில் கும்பலொன்றால் கொல்லப்பட்டார். இதனைக் கண்டிக்க டிசம்பர் 8 அன்று கூடிய கூட்டத்தில், மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஜேம்ஸ் ஆஸ்டின் அக்கும்பலைத் தேயிலையைக் கடலில் கொட்டிய முன்னோருடன் ஒப்பிட்டுப் பேசினார். அதை மறுத்து எழுந்த வெண்டல் ஃபிலிப்ஸ் என்ற இளம் வழக்கறிஞரின் உரை அவரை ஒரே நாளில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளராக்கியது. அடிமை வாழ்விலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் இம்மேடையில் பலமுறை பேசியுள்ளார்.

வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்த ஆன்டனி பர்ன்ஸ் என்பவர் மே 1854 இல் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின் கீழ்ப் பாஸ்டனில் கைது செய்யப்பட்டார். மே 26 அன்று இரவு மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடியது. அங்கிருந்து சென்றோரும் பிறரும் நீதிமன்றக் கட்டிடத்தை உடைத்து அவரை மீட்க முயன்றனர். காவலர் ஒருவர் உயிரிழந்தார். மீட்பு முயற்சி தோல்வியுற்றது. ஜூன் 2 அன்று படையினரின் காவலுடன் பர்ன்ஸ் கப்பலேற்றப்பட்டு மீண்டும் அடிமை வாழ்வுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு நன்கொடை திரட்டி அவரது விடுதலை விலைக்கு வாங்கப்பட்டது.

தேநீர் விருந்தின் நூற்றாண்டு நிறைவான 1873 ஆம் ஆண்டு டிசம்பரில், லூசி ஸ்டோன் முதலான பெண்கள் வாக்குரிமை இயக்கத்தினர் இங்கு தேநீர்க் கூட்டம் ஒன்றை நடத்தினர். வரி செலுத்தும் பெண்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லையெனில், நூறாண்டுகளுக்கு முன் எழுந்த அதே முறையீடு தங்களுக்கும் உரியது என்பது அவர்களது வாதம்.

குவின்சி சந்தை

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டபத்தின் கீழ்த்தளச் சந்தையில் நெரிசல் மிகுந்தது. மாநகரத் தலைவர் ஜோசையா குவின்சி, மண்டபத்திற்குக் கிழக்கே இருந்த படகுத்துறையைத் தூர்த்து நிலம் உருவாக்கி, அதில் புதிய சந்தை அமைக்கத் திட்டமிட்டார். அலெக்சாண்டர் பாரிஸ் வடிவமைத்த இச்சந்தை 1826 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கருங்கல்லால் ஆன நடுக்கட்டிடம் 535 அடி நீளமுடையது. இரு முனைகளிலும் கிரேக்கக் கோயில்களை நினைவூட்டும் தூண் முகப்பும், நடுவில் செம்புத் தகடு வேய்ந்த குவிமாடமும் உள்ளன. இதன் இருபுறமும் வடக்கு, தெற்குச் சந்தைக் கட்டிடங்கள் நிற்கின்றன.

ஏறத்தாழ 150 ஆண்டுகள் இறைச்சி, மீன், பாற்பொருள், காய்கனி ஆகியவற்றின் மொத்த வணிகம் இங்கு நடந்தது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மொத்த வணிகம் நகரின் பிற பகுதிகளுக்கு இடம் பெயர்ந்தது. கட்டிடங்கள் பாழடைந்து இடிக்கப்படும் நிலையை எட்டின. மாநகரத் தலைவர் கெவின் வைட்டின் ஆதரவுடன், கட்டிடக் கலைஞர் பெஞ்சமின் தாம்சனும் நகர மேம்பாட்டாளர் ஜேம்ஸ் ரவுசும் இவற்றை உணவகங்களும் சிறு கடைகளும் கொண்ட தொகுதியாகப் புதுப்பித்தனர். நடுக்கட்டிடம் ஆகஸ்ட் 26, 1976 அன்றும், தெற்கு, வடக்குக் கட்டிடங்கள் முறையே 1977, 1978 ஆம் ஆண்டுகளிலும் திறக்கப்பட்டன.

இத்திட்டத்தின் வெற்றி பழைய கட்டிடங்களை இடிக்காமலேயே நகர மையத்திற்குப் புத்துயிர் அளிக்கலாம் என்பதைக் காட்டியது. பால்ட்டிமோர், நியூயார்க் முதலிய நகரங்களில் இதனைப் பின்பற்றிய திட்டங்கள் எழுந்தன. அதே வேளையில், நகர மக்கள் அன்றாட உணவுப் பொருள் வாங்கிய சந்தை சுற்றுலாப் பயணிகளுக்கான கடைத்தெருவாக மாறிவிட்டது என்ற விமரிசனமும் உண்டு. 1827 ஆம் ஆண்டு முதல் இயங்கிய டர்கின்-பார்க் உணவகம் 2019 ஆம் ஆண்டு மூடப்பட்டது.

அண்மைக் காலம்

ஃபேனுயில் மண்டபம் 1960 ஆம் ஆண்டும், குவின்சி சந்தை 1966 ஆம் ஆண்டும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. மண்டபம் பாஸ்டன் மாநகருக்குச் சொந்தமானது. 1974 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட பாஸ்டன் தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதியுமாகும்.

அரசியல் நிகழ்வுகள் இங்கு தொடர்கின்றன. எட்வர்ட் கென்னடி 1979 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் வேட்பாளராகப் போட்டியிடும் முடிவை இங்கு அறிவித்தார். 2004 ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் தோல்வியை ஏற்று ஜான் கெர்ரி உரையாற்றியதும், 2006 ஆம் ஆண்டு மாநில உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தில் ஆளுநர் மிட் ராம்னி கையொப்பமிட்டதும் இம்மண்டபத்திலேயே ஆகும். பிற நாடுகளிலிருந்து வந்தோர் அமெரிக்கக் குடியுரிமை ஏற்கும் உறுதிமொழி விழாக்களும் இங்கு நடைபெறுகின்றன.

பெயர் பற்றிய விவாதம்

மண்டபம் கட்டப்பட்டபோது மாசச்சூசெட்சில் அடிமை முறை சட்டப்படி நடைமுறையில் இருந்தது. 1780களில் வெளியான நீதிமன்றத் தீர்ப்புகளே அங்கு அதற்கு முடிவு கட்டின. பீட்டர் ஃபேனுயில் மீன், மது, சர்க்கரைப்பாகு முதலியவற்றுடன் மனிதர்களையும் வாங்கி விற்றவர். அவர் பங்குதாரராக இருந்த "ஜாலி பேச்சலர்" என்ற கப்பல் அடிமைகளைக் கொணர மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, அவர் இறந்த பின்னரே அமெரிக்கா திரும்பியது. அவர் இறந்தபோது எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில் ஐந்து அடிமைகளும் இடம்பெற்றிருந்தனர்.

இதனைச் சுட்டிக்காட்டி, 2018 ஆம் ஆண்டு முதல் மண்டபத்தின் பெயரை மாற்றக் கோரும் இயக்கம் வலுப்பெற்றது. ஆட்டக்சின் பெயரைச் சூட்டலாம் என்பது முன்வைக்கப்பட்ட கருத்துகளுள் ஒன்று. விடுதலையின் சின்னமாகப் போற்றப்படும் கட்டிடம் மனிதரை விற்றவரின் பெயரைத் தாங்குவது பொருந்தாது என்பது இவர்களது நிலைப்பாடு. பெயரை நீக்கினால் அவ்வரலாறே மறக்கப்படும் என்றும், பெயரை வைத்துக்கொண்டே முழு உண்மையையும் மண்டபத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்றும் மறுதரப்பினர் கூறுகின்றனர். 2023 ஆம் ஆண்டு பாஸ்டன் அடிமை முறை பற்றிய கண்காட்சி ஒன்று மண்டபத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பெயர் மாற்றத்தை ஆதரிக்கும் தீர்மானத்தை மாநகர மன்றம் நிறைவேற்றியது. இத்தீர்மானம் மன்றத்தின் கருத்தை மட்டுமே வெளிப்படுத்துவதாகும். அதனால் பெயர் தானாக மாறிவிடவில்லை.

பார்வையிடல்

பாஸ்டனின் வரலாற்று இடங்கள் 16 ஐ இணைக்கும் 2.5 மைல் நீள விடுதலைப் பாதையில் இம்மண்டபமும் ஒன்றாகும். நடைபாதையில் பதிக்கப்பட்ட செந்நிறக் கோட்டைப் பின்பற்றி இவ்விடத்தை அடையலாம். ஸ்டேட், அக்குவேரியம், கவர்ன்மென்ட் சென்டர், ஹேமார்க்கெட் ஆகிய சுரங்க இரயில் நிலையங்கள் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. மண்டபத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பொது நிகழ்ச்சிகளின்போது பார்வையாளருக்கு மண்டபம் மூடப்படலாம்.

* மேற்கு வாயிலின் முன் ஆன் விட்னி என்ற பெண் சிற்பி வடித்த சாமுவேல் ஆடம்சின் வெண்கலச் சிலை (1880) உள்ளது.
* கீழ்த்தளத்தில் கடைகளும் தகவல் மையமும் உள்ளன. சந்தை என்ற முதல் நோக்கம் இவ்வாறு தொடர்கிறது.
* இரண்டாம் தளத்தில் உள்ளதே பெருமண்டபம். மேடையின் பின்சுவரில் 1830 ஆம் ஆண்டு மேலவை விவாதத்தில் வெப்ஸ்டர் பேசுவதைச் சித்திரிக்கும் ஜார்ஜ் ஹீலியின் பெரிய ஓவியம் தொங்குகிறது. தேசியப் பூங்காத் துறை அலுவலர்கள் மண்டபத்தின் வரலாற்றைப் பார்வையாளருக்கு எடுத்துரைப்பது வழக்கம்.
* மேல்தளத்தில் 1638 ஆம் ஆண்டு பட்டயம் பெற்ற பழமையான பீரங்கிப் படைக் கழகத்தின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.
* குவின்சி சந்தையின் குவிமாடத்தின் கீழ் பழைய வணிகர்களின் பெயர்ப்பலகைகள் மாட்டப்பட்டுள்ளன.

வீட்டுத் தேவைக்கான காய்கனிகளை மலிவாக விற்கும் திறந்தவெளிச் சந்தையைக் காண விரும்புவோர், வெள்ளி, சனிக்கிழமைகளில் அருகிலுள்ள ஹேமார்க்கெட் பகுதிக்குச் செல்லலாம்.

இவற்றையும் பார்க்க

* பாஸ்டன் தேநீர் விருந்து
* பாஸ்டன் படுகொலை
* சாமுவேல் ஆடம்ஸ்
* ஃபிரெடரிக் டக்ளஸ்
* அமெரிக்கப் புரட்சி